ஹைதராபாத்தில் ஒரு சனி, ஞாயிறு: முதல்முறை போகிறவர்களுக்கு

ஹைதராபாத் போகிறேன் என்று சொன்னதுமே ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். ராமோஜி பிலிம் சிட்டி, ஹுசேன் சாகர் புத்தர், பிர்லா மந்திர், ஷில்பாராமம், ஹைடெக் சிட்டி, அப்புறம் சார்மினார், கோல்கொண்டா. இரண்டு நாளில் இத்தனையும் என்று கிளம்பினால் பாதி நேரம் சாலையில்தான் போகும். ராமோஜிக்கு மட்டுமே ஒரு முழு நாள் வேண்டும்.

அதனால் முதல் வேலை, எதை விடுவது என்று முடிவு செய்வது. வரலாற்றுச் சின்னங்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டே வட்டாரங்கள் போதும். ஒன்று மூசி ஆற்றங்கரையில் உள்ள பழைய நகரம், மற்றொன்று கோல்கொண்டா. இரண்டும் உண்மையில் ஒரே கதை. குதுப் ஷாஹி மன்னர்களின் தலைநகரமாக இருந்த கோல்கொண்டாவில் கோட்டைக்குள் இடமும் தண்ணீரும் போதாமல் போனதால், முகம்மது குலி குதுப் ஷா ஆற்றுக்குத் தெற்கே புதிதாக ஒரு ஊரை எழுப்பினார். அந்த ஊரின் நடுப்புள்ளியாக 1591இல் கட்டியதுதான் சார்மினார். கதை வரிசைப்படி பார்த்தால் கோல்கொண்டாதான் முதலில் வரவேண்டும். ஆனால் வெயிலும் ரயில் நேரமும் வேறு வரிசை சொல்கின்றன. நான் சொல்வது அந்த வரிசையைத்தான்: சனிக்கிழமை பழைய நகரம், ஞாயிறு காலை கோல்கொண்டா.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். கோல்கொண்டா முழுக்கப் பாறையும் கருங்கல்லும் என்பதால் காலை பதினொரு மணிக்கே கால் சுடும். ஜூலை, ஆகஸ்டில் மழை இருந்தாலும் கோட்டை பச்சையாக இருக்கும், பாறை மட்டும் வழுக்கும்.

தேதி குறிப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். விநாயகர் சிலைகளைக் கரைக்கும் நாளில் பெரிய ஊர்வலம் சார்மினார் வழியாகப் போகும், அன்று பழைய நகரத்துக்குள் வண்டி நகராது. முஹர்ரம் பத்தாம் நாளும் அப்படித்தான். தெலுங்கு ஆஷாட மாதத்தில் (ஜூன், ஜூலை வாக்கில்) அம்மனுக்கு எடுக்கும் 'போனாலு' என்ற திருவிழா கோல்கொண்டா மலை மேலிருக்கும் அம்மன் கோயிலில்தான் தொடங்குகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைக்குப் போனால் திருவிழாவைப் பார்க்கலாம், கோட்டையைப் பார்க்க முடியாது. ரம்ஜான் மாதம் மட்டும் இரு முனையும் கூரான கத்தி: பகலில் பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், இரவில் சார்மினாரைச் சுற்றி விடிய விடியக் கூட்டம். கூட்டம் பிடிக்கும், ஹலீம் (கறியும் கோதுமையும் சேர்த்துக் குழைத்தது) பிடிக்கும் என்றால் அதைவிட நல்ல மாதம் கிடையாது.

இன்னொன்று. சாலார் ஜங் அருங்காட்சியகமும் சௌமஹல்லா அரண்மனையும் வெள்ளிக்கிழமை விடுமுறை. லீவு போட்டு வெள்ளி, சனி என்று திட்டமிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது

சென்னையிலிருந்து என்றால் சார்மினார் எக்ஸ்பிரஸ் வசதியானது. வெள்ளி மாலை ஏறினால் சனி காலை ஹைதராபாத் தெக்கான் நிலையத்தில் இறங்கலாம். உள்ளூரில் அதை நாம்பள்ளி ஸ்டேஷன் என்றுதான் சொல்வார்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது செகந்திராபாத், காச்சிகூடா, ஹைதராபாத் மூன்றும் வெவ்வேறு நிலையங்கள் என்பதை மறக்க வேண்டாம். விமானத்தில் வருகிறவர்களுக்கு ஷம்ஷாபாத்திலிருந்து நகருக்குள் வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

தங்குவதற்கு நாம்பள்ளி, அபிட்ஸ், லக்டிகாபூல் வட்டாரங்களில் பாருங்கள். ஐ.டி.யில் வேலை செய்யும் நண்பர் வீடு கச்சிபௌலியில் இருக்கிறதே, அங்கே தங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். நண்பர் நல்லவராக இருக்கலாம், அங்கிருந்து சார்மினார் வரும் சாலை அப்படியல்ல. கோல்கொண்டாவுக்கு அந்தப் பக்கம் அருகில்தான் என்றாலும், சனிக்கிழமை முழுவதும் பழைய நகரத்தில் இருக்கப்போகிறவருக்கு நாம்பள்ளி பக்கமே சரி.

உள்ளே சுற்ற மெட்ரோவும் ஆட்டோவும் போதும். நாம்பள்ளியில் சிவப்புத் தடத்தில் எல்.பி. நகர் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் எம்.ஜி. பஸ் ஸ்டேஷன். சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு அங்கிருந்து குறைந்த தூரம்தான். ஆட்டோவை ஆப்பில் பிடித்தால் பேரம் இல்லை. தெருவில் பிடித்தால் ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். "முத்துக் கடை காட்டுகிறேன், சும்மா பார்த்துவிட்டு வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் கடையில் அவருக்குக் கமிஷன் இருக்கிறது என்று அர்த்தம். தெலுங்கு தெரியாவிட்டால் கவலை வேண்டாம். பழைய நகரத்தில் பேசுவது தக்கினி உருது. அரைகுறை இந்தியே போதும், ஆங்கிலமும் ஓடும். 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். வளையல் கடை வரிசையில் நடக்கும்போது இரண்டாவது சொல் நிறையத் தேவைப்படும்.

சார்மினாருக்கும் கோல்கொண்டாவுக்கும் தொல்லியல் துறையின் சீட்டு. க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து போனிலேயே வாங்கிவிட்டால் வரிசை மிச்சம். பதினைந்து வயதுக்குக் கீழே இருந்தால் கட்டணம் இல்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு என்றாலும், இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு இந்தியர்களுக்கான கட்டணமே. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டு வாங்க வேண்டும். மற்ற இடங்களின் சீட்டு தனித்தனி. படம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா என்று கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை காலை: சாலார் ஜங்

பத்து மணிக்குத் திறக்கும். திறக்கும்போதே உள்ளே போய்விடுவது நல்லது. ஹைதராபாத்தைப் பிற்காலத்தில் ஆண்ட நிஜாமிடம் பிரதமராக இருந்த மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுஃப் அலி கான், வாழ்நாள் முழுக்க வாங்கிக் குவித்தவை இவை. 1949இல் அவர் இறந்தபோது வாரிசு இல்லை. சேகரிப்பு 1951இல் அவருடைய அரண்மனையிலேயே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டு, 1968இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது.

எல்லா அறையையும் பார்ப்பது என்று வைராக்கியம் கொள்ள வேண்டாம். சீனப் பீங்கானும் ஐரோப்பிய நாற்காலியும் ஒரு கட்டத்தில் கண்ணுக்குள் ஏறாது. நான் சொல்வது நான்கு. முதலில் முக்காடிட்ட ரெபேக்கா. இத்தாலியச் சிற்பி பென்சோனியின் வேலை. முகத்தின் மேல் விழும் மெல்லிய துணி, அதற்குள் தெரியும் மூக்கு, உதடு எல்லாமே ஒரே பளிங்கு. நேருக்கு நேர் நின்றுவிட்டுப் போகாமல் பக்கவாட்டில் சுற்றி வந்து பாருங்கள், துணி என்று கண் ஏமாறுவது அப்போதுதான் புரியும். அடுத்தது ஒரே மரத்தில் இரண்டு பக்கமும் செதுக்கிய சிலை. இருவரும் ஜெர்மானியக் கவிஞர் கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்தில் வருகிறவர்கள். முன்னால் அகம்பாவத்தோடு நிற்கும் சாத்தான் மெஃபிஸ்டோஃபிலிஸ், பின்னால் தலைகுனிந்த மார்கரீட்டா. பின்பக்கம் தெரிய ஒரு கண்ணாடியை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, பச்சை மணிக்கல் அறை. ஜஹாங்கீரின் குத்துவாள், நூர்ஜஹானின் பழக்கத்தி இரண்டும் அங்கே இருக்கின்றன.

நான்காவது, இசைக் கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு குட்டித் தாடிக்காரர் கதவைத் திறந்து வெளியே வந்து, எத்தனை மணியோ அத்தனை முறை சேகண்டியைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். பக்கத்தில் ஒரு கொல்லன் நொடிக்கு நொடி சுத்தியால் அடித்துக்கொண்டே இருப்பான். பன்னிரண்டு மணிக்குத்தான் நிறைய அடி, அதனால் கூட்டமும் அப்போதுதான். பதினொன்றே முக்காலுக்கே போய் முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டால் குழந்தைகளுக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு அடித்து முடித்ததும் வெளியே வந்துவிடலாம்.

நடை: ஆற்றங்கரையிலிருந்து சார்மினார்

இங்கிருந்து ஆட்டோ பிடிக்காதீர்கள். நயாபூல் பாலம் வரை நடந்து, மூசி ஆற்றின் இரு கரையையும் ஒரு முறை பாருங்கள். இப்போது அதில் ஓடுவது சாக்கடைதான், மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை. 1908 செப்டம்பர் 28ஆம் தேதி இதே ஆறு நகரத்தையே அடித்துக்கொண்டு போனது. வடகரையில் தெரியும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு புளியமரம் உண்டு. அன்று நூற்றைம்பது பேர் போல அதன் மேல் ஏறி உயிர் பிழைத்தார்கள் என்று சொல்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் விஸ்வேஸ்வரய்யா. மேலே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்று இரண்டு ஏரிகளைக் கட்டி ஆற்றை அடக்கினார்கள். தென்கரையில் சிவப்பும் வெள்ளையுமாகக் குவிமாடங்களோடு நிற்கும் உயர் நீதிமன்றமும் வெள்ளத்துக்குப் பின் வந்த கட்டடம்தான். வடிவமைத்தவர் வின்சென்ட் எஷ். வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம்.

தெற்கே நடந்தால் மதீனா சந்திப்பு. மதிய உணவை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஷாதாப் போன்ற பழைய பிரியாணிக் கடைகள் இந்த வட்டாரத்தில்தான் உள்ளன. சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் போனால் இடத்துக்காக நிற்க வேண்டியிருக்கும். தட்டு பெரியது, இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் அபிட்ஸ் பக்கமே காலையில் கனமாகச் சாப்பிட்டுவிட்டு வருவது உத்தமம். பழைய நகரத்தில் சைவம் கிடைக்காமல் இல்லை, தேட வேண்டும், அவ்வளவுதான்.

மதீனாவுக்குப் பக்கத்தில் பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு இடம் இருக்கிறது: பாத்ஷாஹி ஆஷூர்கானா. சார்மினார் கட்டிய அதே முகம்மது குலி 1590களில் கட்டியது. முஹர்ரம் துக்கத்துக்கான கூடம் என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் போங்கள். உள்சுவர் முழுக்க மஞ்சளும் நீலமும் பச்சையுமாகப் பூச்சு ஓடுகள். 1908 வெள்ளம் இதற்குள்ளும் புகுந்தது. ஓடு பெயர்ந்த இடங்களில் அதே வடிவத்தை வண்ணத்தில் தீட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள். எது ஓடு, எது வண்ணம் என்று கண்டுபிடித்துக்கொண்டே சுவரைப் பாருங்கள். ஊரில் எனக்கு மிகவும் பிடித்த சுவர் இதுதான், சார்மினாரை விடவும்.

அடுத்து பத்தர்கட்டி. இருபுறமும் கல் வளைவுகள் வைத்த கடைத் தெரு, கீழே முத்து, துணி, அத்தர். அதைத் தாண்டினால் நான்கு திசைக்கும் நான்கு வாயில்களாகச் சார் கமான், நடுவே குல்சார் ஹவுஸ் என்ற நீரூற்றுத் தொட்டி. வாயிலுக்குள் வரும்போதே சார்மினார் கண்ணில் படும். ஆனால் உடனே ஏற வேண்டாம்.

மதியம்: சௌமஹல்லா

வெயில் உச்சத்தில் இருக்கும் இரண்டு மணிக்குக் கூரைக்கு அடியில் இருப்பதே புத்திசாலித்தனம். சார்மினாரிலிருந்து பத்து, பதினைந்து நிமிட நடையில் சௌமஹல்லா. நிஜாம்கள் தர்பார் நடத்திய அரண்மனை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, ஐந்தாம் நிஜாம் அஃப்சலுத்தௌலா காலத்தில்தான் கட்டி முடித்தார்கள். கில்வத் முபாரக் என்ற தர்பார் மண்டபத்தில் பத்தொன்பது பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகள் தொங்குகின்றன. நடுவில் வெள்ளைப் பளிங்கு மேடை. பின்னால் தள்ளி, பழைய கார்கள் நிற்கும் கொட்டகையில் 1912ஆம் ஆண்டு மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று உண்டு. முதல் முற்றத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் நிறைய, கடைசி வரை போங்கள். மற்றபடி ஒன்றரை மணி நேரம் தாராளம். இது பார்ப்பதற்கு அழகான இடமே தவிர, ஆழமாகத் தோண்டுவதற்கு அதிகம் இல்லை.

நாலு மணி: சார்மினார்

மாலை ஐந்தரைக்கு மூடுவார்கள், அதற்கு முன்பே சீட்டு நிறுத்திவிடுவார்கள். எனவே நாலு மணிக்கு வரிசையில் இருங்கள். படி குறுகல், வளைவு, ஒவ்வொரு படியும் உயரம். மூட்டுவலி உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருகிறவர்களும் கீழேயே நின்று பார்ப்பது நல்லது. முதல் தளம் வரைதான் விடுவார்கள். உச்சியில் உள்ள மசூதிக்கும் மினார்களின் மேலும் அனுமதி கிடையாது.

ஏறித்தான் ஆக வேண்டுமா? ஆம், ஒரே காரணத்துக்காக. மேலிருந்து நான்கு பக்கமும் பார்க்கும்போதுதான் ஊரின் வரைபடம் தெரியும். நான்கு வளைவுகள், நான்கு சாலைகள். மாடவீதிகளைச் சுற்றி வளர்ந்த ஊர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, நாற்சந்தியில் ஒரு கட்டடத்தை முதலில் நிறுத்தி அதிலிருந்து ஊரை நாலாபக்கமும் இழுத்திருப்பது புதிதாக இருக்கும். திட்டத்தின் பின்னால் இருந்தவர் ஈரானிலிருந்து வந்த மீர் மோமின் அஸ்தராபாதி. வளைவுகளின் மேல் தெரியும் கடிகாரங்கள் பிற்பாடு, 1889இல் வைத்தவை.

எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் கொள்ளைநோய் நீங்கிய நினைவாக என்பார்கள், பாக்மதி என்ற காதலிக்காக என்பார்கள், இஸ்லாமிய ஆண்டு ஆயிரம் பிறந்ததைக் கொண்டாட என்பார்கள். வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. 1591 என்பது ஹிஜ்ரி 1000 என்பதால் மூன்றாவது விளக்கத்தில்தான் எனக்கு நம்பிக்கை. கோல்கொண்டாவுக்கும் சார்மினாருக்கும் சுரங்கப்பாதை உண்டு என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நல்ல கதை.

இறங்கியதும் எதிரே மக்கா மஸ்ஜித். 1617இல் தொடங்கி, மொகலாயர் கைக்கு ஊர் மாறிய பிறகு 1694இல் ஔரங்கசீப் காலத்தில் முடிந்தது. இஸ்லாமியர் அல்லாதவர்களும் தொழுகை இல்லாத நேரத்தில் முற்றத்துக்குப் போகலாம். முழங்காலுக்கு மேல் ஏறும் உடை வேண்டாம், பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பையைச் சோதிப்பார்கள். முற்றத்தின் ஓரத்தில் கூரையிட்ட பகுதியில் நிஜாம்களின் சமாதிகள் வரிசையாக இருக்கின்றன.

இதற்குள் இருட்டத் தொடங்கியிருக்கும். பக்கத்தில் நிம்ராவில் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு நின்றபடியே குடியுங்கள், உட்கார இடம் தேடாதீர்கள். பிறகு லாட் பஜார். அரக்கு வளையலில் கல் பதித்து விற்கும் தெரு. பகலில் சாதாரணமாகத் தெரிவது விளக்கு போட்டதும் மாறிவிடும். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கலாம். கோல்கொண்டாவில் இரவு ஒலி-ஒளிக் காட்சி நடப்பதைக் கேள்விப்பட்டு அங்கே ஓட நினைப்பவர்களுக்கு: வேண்டாம். சனி இரவு சார்மினாரில் இருப்பதுதான் லாபம்.

ஞாயிறு: கோல்கொண்டா

அறையைக் காலி செய்துவிட்டு, பையை லாட்ஜ் வரவேற்பிலோ நாம்பள்ளி நிலையத்தின் க்ளோக் ரூமிலோ வையுங்கள். ரயில்வேயில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், சின்னப் பூட்டு ஒன்று எடுத்து வாருங்கள். கோட்டைக்கு ஆப் ஆட்டோவே எளிது. செலவைக் குறைக்க மெஹதிப்பட்டினம் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. ஒன்பது மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். தண்ணீர் இரண்டு பாட்டில், தொப்பி, நல்ல பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ.

காகதீயர்கள் காலத்து மண் கோட்டை, பிறகு பாமனி சுல்தான்கள் கைக்குப் போனது. 1518 வாக்கில் குலி குதுபுல் முல்க் தனியாட்சி நடத்தத் தொடங்கிய பின், அடுத்தடுத்த மன்னர்கள் காலத்தில் கருங்கல்லில் எழுந்தது இப்போது நீங்கள் பார்ப்பது. கோட்டைச் சுவருக்குள் இன்றும் ஒரு ஊரே குடியிருக்கிறது. ஃபதே தர்வாஜா வழியாக ஆட்டோ நுழையும்போது கதவைக் கவனியுங்கள். யானை முட்டக் கூடாது என்று இரும்பு முனைகள் பதித்திருப்பார்கள். உள்கோட்டையான பாலாஹிஸார் வாசலுக்கு நேர் எதிரே ஒரு தடுப்புச் சுவர் நிற்கும். படை ஓடி வந்து கதவை இடிக்க நேர்வழி கிடைக்கக் கூடாது என்ற கணக்கு அது.

வாசல் தாண்டியதும் குவிந்த கூரைக்கு அடியில் ஆளாளுக்குக் கை தட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே தட்டினால் மலை உச்சி மண்டபத்தில் கேட்கும், எதிரி வருவதை மேலே அறிவிக்கும் ஏற்பாடு. நீங்கள் மேலே போனதும் எல்லோருடைய கைத்தட்டலும் கலந்து எது யாருடையது என்று தெரியாது. உங்களில் ஒருவரைக் கீழே நிறுத்தி, மேலே போனதும் போன் செய்து, மூன்று தட்டு, இடைவெளி, இரண்டு தட்டு என்று பேசிவைத்துக் கேட்டுப் பாருங்கள். காலை ஒன்பதரைக்குள் என்றால் தெளிவாகக் கேட்கும்.

வழிகாட்டி தேவையா என்று யோசிப்பவர்களுக்கு: கூடவே வருவது, கூலி, எவ்வளவு நேரம் எல்லாவற்றையும் முதலிலேயே பேசி முடித்தால் வைத்துக்கொள்ளலாம். பலகைகள் குறைவு, தனியாகப் போனால் எந்தச் சுவர் எது என்று தெரியாது. ஆனால் வைரக் கதைகளைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். கோல்கொண்டாவில் வைரம் வெட்டி எடுக்கவில்லை. சுரங்கங்கள் கிருஷ்ணா நதிக்கரையில், இன்றைய ஆந்திராவின் கொல்லூர் போன்ற இடங்களில் இருந்தன. இங்கே நடந்தது வியாபாரம்.

ஏறும் வழியில் கண் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சுவர்களுக்குள் புதைந்து அங்கங்கே வெளியே தெரியும் சுட்ட மண் குழாய்கள். கீழிருந்து தண்ணீரைக் கட்டம் கட்டமாக மேல் தொட்டிகளுக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியாக அரண்மனைகளுக்கு விட்டார்கள். இந்தக் கோட்டைக்குத் தண்ணீர் தந்ததாகச் சொல்லப்படும் துர்கம் செருவு ஏரி இப்போது ஹைடெக் சிட்டி கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில், கேபிள் பாலத்தோடு இருக்கிறது.

மற்றொன்று ராமதாசர் சிறை. காஞ்செர்ல கோபண்ணா, கடைசி மன்னர் அபுல் ஹசன் தானாஷாவின் கீழ் வரி வசூலித்த அதிகாரி. அரசாங்கப் பணத்தை எடுத்து பத்ராசலம் ராமர் கோயிலைக் கட்டினார் என்று சொல்லி அவரை இங்கே அடைத்தார்கள். இருட்டறையின் சுவரில் ராமர், லட்சுமணர், அனுமன் உருவங்கள். அவரே செதுக்கியவை என்பது நம்பிக்கை. திருவையாற்று தியாகராஜர் தன் கீர்த்தனைகளில் இவரைக் குறிப்பிடுகிறார். பஜனை மரபில் வளர்ந்த வீட்டுப் பெரியவர்கள் கூட வந்தால் கோட்டையில் அவர்கள் அதிக நேரம் நிற்பது இந்த அறையில்தான், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

உச்சியில் அம்மன் கோயிலும் பாரதரி மண்டபமும். வடக்கே குதுப் ஷாஹி கல்லறைகளின் குவிமாடங்கள் தெரியும், கிழக்கே நகரம். சென்னைக்காரர்கள் இங்கே ஒரு நிமிடம் யோசிக்க ஒரு விஷயம் உண்டு. 1640களின் கடைசியில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லாவின் படை சோழமண்டலக் கரைக்கு வந்த பின் சென்னப்பட்டினம் கோல்கொண்டாவின் ஆட்சிக்குள் வந்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்காரர்கள் வருடாவருடம் கப்பம் கட்டியது இந்த மலைக்குத்தான். செஞ்சியைப் பிடிக்கப் புறப்பட்ட சிவாஜி 1677இல் தெற்கே இறங்குவதற்கு முன் தானாஷாவைச் சந்தித்து உடன்படிக்கை செய்துகொண்டதும் ஹைதராபாத்தில்தான்.

பத்தே ஆண்டில் கதை முடிந்தது. 1687இல் ஔரங்கசீப் எட்டு மாதம் முற்றுகையிட்டும் சுவர் விழவில்லை. உள்ளேயிருந்த ஒரு அதிகாரி இரவில் கதவைத் திறந்துவிட்டார்.

இறங்கும் வழி வேறு. ராணி மஹால்கள் வழியாக வரும். படிகள் செங்குத்து, பெரியவர்களை அவசரப்படுத்த வேண்டாம். மொத்தம் இரண்டரை மணி நேரம் போதும்.

கல்லறைத் தோட்டம்

கோட்டையிலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்கள். கோல்கொண்டாவைப் பார்த்துவிட்டு அலுப்பில் இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்தத் தவறைச் செய்யாதீர்கள். சமாதிக்குள் குளுகுளுவென்று இருக்கும், மரநிழல் உண்டு, கூட்டமும் குறைவு. குதுப் ஷாஹி மன்னர்கள் ஏறக்குறைய எல்லோரும், ராணிகள், மருத்துவர்கள், தளபதிகள் ஒரே தோட்டத்தில். முகம்மது குலியின் சமாதிதான் பெரியது, நாற்பது மீட்டருக்கு மேல் உயரம். ஆகா கான் அறக்கட்டளை 2013இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இங்கே பழுது பார்த்தது. பிற்காலத்தில் பூசிய சிமென்டை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். குவிமாடத்தின் அடியில் இதழ் விரித்த சுதை வேலையைப் பாருங்கள், பழைய நீல ஓடுகள் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். படீ பாவ்லி என்ற படிக்கிணற்றையும் பார்க்காமல் வராதீர்கள். மழையில் இடிந்து விழுந்ததை மீண்டும் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

தானாஷாவின் சமாதியை மட்டும் இங்கே தேட வேண்டாம். தௌலதாபாத் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, அங்கேயே இறந்து, குல்தாபாத்தில் அடக்கமானார்.

இரண்டு மணிக்கு வெளியே வந்தால் மெஹதிப்பட்டினத்தில் சாப்பிட்டுவிட்டு நாம்பள்ளி திரும்ப நேரம் சரியாக இருக்கும். சென்னை ரயில் மாலையில், நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் வாங்க வேண்டும் என்றால் வழியில் மொஜம்ஜாஹி மார்க்கெட்டில் இறங்குங்கள், அந்தக் கருங்கல் சந்தைக் கட்டடமே பார்க்க வேண்டியதுதான். திங்கட்கிழமையும் லீவு கிடைத்தவர்கள் காலையில் சந்தோஷ்நகர் பக்கம், நிஜாம்களின் பிரபுக்களாக இருந்த பைகா குடும்பத்தாரின் சமாதிகளுக்குப் போகலாம். பளிங்கும் சுதையும் பின்னிய சன்னல்கள், ஒவ்வொன்றும் வேறு கோலம். சார்மினாருக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.